காற்றில் கலந்த கரியைத் திரும்ப எடுக்க முடியுமா?

(நமது திருப்பதி நிருபர்)

சித்தூரிலிருந்து திருப்பதிக்கு பஸ்ஸில் செல்லும் நம்மவர்கள், பாகாலா பக்கத்தில் காதங்கி என்ற ஊரைக் கடந்திருப்பார்கள். டெலிவிஷன் ஆன்டெனாவைப் போன்ற கம்பிகள் வரிசை வரிசையாக நிற்கும் மைதானம் ஒன்று அங்கே இருக்கிறது. எண்ணிச் சொன்னால் 1,024 கம்பிகள். மத்திய அரசின் விண்வெளித் துறையைச் சேர்ந்த தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடத்தின் ரேடார் அது. 1990-களின் தொடக்கத்தில் அமைக்கப்பட்டது. தலைக்கு மேலே பல கிலோமீட்டர் உயரம் வரை காற்று எந்தத் திசையில், எந்த வேகத்தில் ஓடுகிறது என்று அளப்பது அதன் வேலை. கோவிந்த நாமம் சொல்லிக்கொண்டு போகிற யாத்ரீகர்களில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட இது தெரிந்திருக்குமா என்பது சந்தேகமே.

காற்றை அளப்பது ஒரு வேலை. அந்தக் காற்றில் நாம் கலந்துவிட்ட கரியமில வாயுவைத் திரும்ப எடுப்பது வேறு வேலை. விஞ்ஞானிகளும் அரசாங்கங்களும் கம்பெனிக்காரர்களும் இப்போது உலகெங்கும் பேசுவது இந்த இரண்டாவது வேலையைப் பற்றித்தான். புகையைக் குறைத்தால் மட்டும் போதாது, ஏற்கெனவே விட்டதிலும் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்தாக வேண்டும் என்கிறார்கள். அது முடிகிற காரியமா? முடியும் என்றால் யார் செய்வது? அதில் கூலி யாருக்கு?

இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன், யந்திரத் தொழில்கள் பெருகாத காலத்தில், பத்து லட்சம் பங்கு காற்றில் கரியமில வாயு சுமார் 280 பங்கு இருந்தது. 1958-ல் சார்லஸ் கீலிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் கருவி வைத்து அளக்கத் தொடங்கியபோது அது ஏறக்குறைய 315. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. பார்வைக்குச் சிறிய எண்கள்தான். ஆனால் இந்த வாயு, பூமியிலிருந்து வெளியேற வேண்டிய உஷ்ணத்தைக் கம்பளி போலப் பிடித்து வைக்கிறது. பழைய சராசரியைவிட ஒன்றரை டிகிரிக்கு மேல் கூடுதலாகச் சுட்ட முதல் ஆண்டு 2024 என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது.

ஒன்றரை டிகிரி என்ன பெரிது என்று கேட்கலாம். உஷ்ணம் ஒரு டிகிரி ஏறினால் காற்று சுமார் ஏழு சதவீதம் அதிக நீரைச் சுமக்கும். சுமந்ததை எங்கேயாவது கொட்ட வேண்டும் அல்லவா? 2021 நவம்பர் மழையை இந்தப் பக்கத்தில் மறந்தவர் இருக்க முடியாது. திருப்பதித் தெருக்களில் வெள்ளம் ஓடியது. செய்யேற்றில் அன்னமய்யா அணை உடைந்து பல உயிர்கள் போயின. நந்தலூருக்கும் ராஜம்பேட்டைக்கும் நடுவே தண்டவாளத்தின் கீழே மண் அரித்துக்கொண்டு போனதால் ரயில்கள் ரத்தாயின. அந்த ஒரு மழைக்குக் கரியமில வாயுதான் காரணம் என்று கைகாட்டிச் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட மழைகளுக்கு அது தீனி போடுகிறது என்பதில் விஞ்ஞானிகளுக்குச் சந்தேகம் இல்லை.

ஒரு ரேக் கணக்கு

இந்த நிருபர் ரயில்வேயில் குமாஸ்தா. டன் கணக்கும் வேகன் கணக்கும்தான் அவருக்குப் பழக்கமான விஞ்ஞானம். ஆகவே கணக்கை அப்படியே போட்டுப் பார்ப்போம்.

நிலக்கரி ஏற்றிய ஒரு ரேக் என்றால் 58 வேகன், சுமார் 4,000 டன். நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் அதிகம். அதைக் கழித்துப் பார்த்தாலும், ஒரு ரேக் கரி எரிந்தால் 6,000 டன் கரியமில வாயு வெளியே போகும். நாலாயிரம் டன் எரித்தால் ஆறாயிரம் டன் எப்படி வரும் என்று சிலர் கேட்பார்கள். எரியும்போது கரி காற்றிலிருந்து பிராணவாயுவையும் சேர்த்துக்கொள்கிறது. சுத்தமான கரி 12 கிலோ எரிந்தால் 44 கிலோ வாயு. எடை கூடுவது அதனால்தான்.

கடப்பை மாவட்டம் முத்தனூர் பக்கத்தில் ராயலசீமா அனல் மின் நிலையம் இருக்கிறது. திறன் 1,650 மெகாவாட். அது முழு வேகத்தில் ஓடினால் நாளொன்றுக்கு ஆறேழு ரேக் நிலக்கரி வேண்டும். அத்தனையும் ரயிலில் வருவதுதான்.

இனி வரவுப் பக்கம். வளர்ந்த மரம் ஒன்று ஆண்டுக்குச் சுமார் 20 கிலோ கரியமில வாயுவை இழுத்துக்கொள்ளும் என்று பொதுவாகச் சொல்வார்கள். இனத்துக்கும் மண்ணுக்கும் மழைக்கும் தக்கபடி இது கூடும், குறையும். இருபது கிலோ என்றே வைத்துக்கொண்டால், ஒரே ஒரு ரேக் விட்ட வாயுவை இழுக்க மூன்று லட்சம் மரம் ஓராண்டு முழுவதும் வேலை செய்ய வேண்டும். சித்தூர்ப் பக்கத்துப் பழைய முறைப்படி ஏக்கருக்கு நாற்பது மாமரம் என்றால், அது 7,500 ஏக்கர் தோப்பு. ஒரு ரேக்குக்கு!

உலகம் முழுவதும் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரித்து ஆண்டுக்கு ஏறக்குறைய 3,700 கோடி டன் கரியமில வாயுவை வெளியே விடுகிறோம். ஏறத்தாழ பாதியைக் கடலும் காடும் தாமாகவே வாங்கிக்கொள்கின்றன. மீதி காற்றிலே தங்கிவிடுகிறது. மனிதர் முயன்று, மரம் நட்டும் காடு வளர்த்தும் திரும்ப எடுப்பது ஆண்டுக்கு 200 கோடி டன்னுக்குச் சற்று மேல். யந்திரம் முதலான புதிய வழிகளால் எடுப்பது மொத்தமே 13 லட்சம் டன் என்று, நிபுணர்கள் 2024-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. பதின்மூன்று லட்சம் டன் என்பது இருநூறு சொச்சம் ரேக். முத்தனூர் நிலையம் ஒன்று மட்டும் முழு வேகத்தில் ஓடினால் ஒரு மாதத்துக்குச் சற்று மேல் வரும். உலகத்தின் புது யந்திரங்கள் அத்தனையும் சேர்ந்து ஓராண்டில் எடுப்பது, நம் பக்கத்து மின் நிலையம் ஒன்று ஒரு மாதத்தில் விடுவது!

ஆகையால், "திரும்ப எடுத்துக்கொள்ளலாம், இப்போது தாராளமாக எரிக்கலாம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஐஸ்லாந்து யந்திரமும் தூத்துக்குடி ஆலையும்

ஐஸ்லாந்து நாட்டில் கிளைம்வொர்க்ஸ் என்ற சுவிட்சர்லாந்து கம்பெனி 2021-ல் "ஓர்கா" என்ற நிலையத்தைத் திறந்தது. பெரிய மின்விசிறிகள் காற்றை இழுத்து, ரசாயனம் பூசிய வடிகட்டியில் செலுத்தும். வாயு அதில் ஒட்டிக்கொள்ளும். பிறகு சூடாக்கிப் பிரித்து, தண்ணீரில் கரைத்து, பூமிக்கடியில் உள்ள எரிமலைப் பாறைக்குள் செலுத்துகிறார்கள். அங்கே இரண்டு ஆண்டுக்குள் பெரும்பகுதி கல்லாகவே மாறிவிடுகிறது. கேட்க அதிசயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓர்கா நிலையத்தின் திறன் ஆண்டுக்கு 4,000 டன். நமது கணக்கில் ஒரு ரேக்குக்கும் குறைவு. 2024-ல் திறந்த இரண்டாவது நிலையம் "மாமத்" 36,000 டன் திறனுள்ளது. அறிவித்த அளவை இரண்டுமே எட்டவில்லை என்று 2025-ல் செய்தி வந்தது. செலவோ டன்னுக்குப் பல நூறு டாலர்.

இதில் யார் மீதும் குறையில்லை. பத்தாயிரம் பங்கு காற்றில் நாலே பங்கு இருக்கும் ஒன்றைப் பொறுக்கி எடுப்பது எளிதா? பத்தாயிரம் அரிசியில் கலந்த நாலைந்து கறுப்பு அரிசியைத் தேடுவது போன்ற வேலை அது.

புகைபோக்கியிலேயே பிடித்துவிட்டால் எளிது. அங்கே நூறு பங்கில் பத்துப் பன்னிரண்டு பங்கு இருக்கும். இதற்கு நமது தூத்துக்குடியில் ஓர் உதாரணம் உண்டு. அங்குள்ள ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலையில், நிலக்கரி பாய்லரின் புகையிலிருந்து வாயுவைப் பிடித்து சோடா ஆஷ் தயாரிக்கும் திட்டம் வந்தபோது வெளிநாட்டுப் பத்திரிகைகளெல்லாம் எழுதின. ஆண்டுக்கு 60,000 டன் என்று கணக்குச் சொன்னார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் புதுப் புகையைத் தடுப்பது வேறு, பழைய புகையைத் திரும்ப எடுப்பது வேறு. மேலும் சோடா ஆஷ் கண்ணாடி உலைக்குப் போனால், பிடித்த வாயு அங்கே மறுபடி வெளியே வந்துவிடும்.

கல்லை அரைத்து வயலில் தூவுவது இன்னொரு வழி. மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு கல்லை மெல்ல அரிக்கும். அப்போது வாயு உப்பாக மாறி, ஆற்றோடு போய்க் கடலில் ஆயிரக்கணக்கான ஆண்டு தங்கும். பசால்ட் என்னும் எரிமலைக் கல் இதற்கு உகந்தது. தக்காண பூமியில் அது ஏராளம். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் விவசாயிகளின் வயல்களில் பசால்ட் தூள் போட்டு வரும் மாட்டி கார்பன் என்ற அமைப்பு 2025 ஏப்ரலில் 5 கோடி டாலர் எக்ஸ்பிரைஸ் பரிசைப் பெற்றது. சித்தூர் மாவட்டத்திலும் கல்லுக்குப் பஞ்சமில்லை. குப்பம் பக்கத்துக் குவாரிகளில் நம் தொழிலாளர்கள் நிறையப் பேர் அந்தத் தூளைச் சுவாசித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் இங்கே கிடைப்பது கிரானைட். இந்த வேலைக்கு அது மகா மந்தம்.

கிளிமூக்கு மரம் நிற்குமா?

யந்திரமும் எரிமலைக் கல்லும் இல்லாத நமக்கு மிஞ்சுவது மரமும் மண்ணும்தான். மரத்தை முதலில் எடுத்துக்கொள்வோம்.

சித்தூர் மாவட்டம் முழுவதும் கிளிமூக்கு மாந்தோப்பு. தெலுங்கர் இதைத் தோதாபுரி என்பார்கள். பெங்களூரா என்றாலும் இதுவே. பெரும்பகுதி கூழ் ஆலைகளுக்குப் போகிறது. சீசனில் காய் பறிக்க, ஏற்ற, தோல் சீவ என்று எல்லை தாண்டி வரும் நம்மவர்கள் உண்டு. ஒவ்வொரு மரமும் காயைத் தவிர ஒன்றைச் சேமித்து வைத்திருக்கிறது. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கரி. ஒரு டன் உலர்ந்த மரம் என்றால், அது காற்றிலிருந்து எடுத்த வாயு 1.8 டன்.

எதுவரை சேமிப்பு? மரம் நிற்கும் வரை. மரம் எதுவரை நிற்கும்? விலை நிற்கும் வரை!

2025 ஜூனில் நடந்ததை இங்குள்ளவர்கள் பார்த்தார்கள். காய் குவிந்தது. கூழ் ஆலைகள் பழைய சரக்கே தேங்கிக் கிடக்கிறது என்று கையை விரித்தன. ஆலை வாசல்களில் டிராக்டர்களும் லாரிகளும் நாள்கணக்கில் வரிசை கட்டி நின்றன. ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தர வேண்டும், அரசு 4 ரூபாய் சேர்த்துத் தரும் என்று ஆந்திர அரசாங்கம் அறிவித்தது. விலை இப்படிச் சரிந்தால் தோப்புக்காரர் எத்தனை வருஷம் பொறுப்பார்? முப்பது வருஷத்து மரம் அரை நாளில் சாய்ந்துவிடும். விறகாகச் சூளைக்குப் போனால் முப்பது வருஷச் சேமிப்பும் அந்த வாரமே காற்றில் கலந்துவிடும். மரம் நடுவிழாவில் போட்டோ பிடிப்பவர்கள் இந்தச் செலவுப் பக்கத்தை எழுதுவதே இல்லை.

அதனால்தான், "மரத்தை வெட்டாமல் வைத்திருங்கள், அது இழுக்கும் கரிக்குப் பணம் தருகிறோம்" என்ற ஏற்பாடு வந்திருக்கிறது. ஆந்திராவின் வடகோடியில் அரக்குப் பள்ளத்தாக்கில் இது 2010-ஐ ஒட்டி ஆரம்பமானது. நாந்தி அறக்கட்டளை ஆதிவாசி விவசாயிகளைச் சேர்த்தது. பிரான்ஸின் டானோன் முதலான கம்பெனிகள் சேர்ந்த லைவ்லிஹுட்ஸ் என்ற நிதி, மரம் நடும் செலவை முன்கூட்டியே கொடுத்தது. மா, எலுமிச்சை முதலிய பழ மரங்களும் காப்பிக்கு நிழல் தரும் மரங்களும் லட்சக்கணக்கில் நடப்பட்டன. இருபது ஆண்டுத் திட்டம் அது. காயும் பழமும் காப்பியும் விவசாயிக்கு. மரம் இழுத்த கரியின் கணக்கு மட்டும் கம்பெனிகளுக்கு. தங்கள் ஆலைப் புகைக்கு ஈடாக அவை அதைக் காட்டிக்கொள்ளும்.

இந்த ஏற்பாட்டில் நியாயமும் உண்டு, வில்லங்கமும் உண்டு. பணம் கொடுத்தவன் தன் புகையைக் குறைக்காமல், ஏழை விவசாயியின் மரத்தைக் காட்டித் தப்பித்துக்கொள்கிறான் என்பது ஒரு குற்றச்சாட்டு. அது முழுவதும் பொய்யல்ல. ஆனால் நஷ்டத்தில் நிற்கும் தோப்புக்காரருக்கு வேறு எவன் பணம் தருகிறான் என்ற கேள்வியும் இருக்கிறது.

இந்தியாவிலும் கரிக் கணக்கை வாங்கி விற்கும் திட்டத்தை 2023-ல் மத்திய அரசு அறிவிக்கை செய்துவிட்டது. ஊரில் நிலமோ தோப்போ வைத்திருக்கும் வாசகர்களிடம் இத்தகைய பத்திரங்களுடன் ஆட்கள் வரக்கூடும். கையெழுத்துப் போடுமுன் சிலவற்றைக் கேட்டுக்கொள்வது நல்லது. எத்தனை ஆண்டுக்குக் கட்டுப்பாடு? நடுவில் ஒரு மரத்தை வெட்டினால் அபராதம் உண்டா? புயலிலோ தீயிலோ போனால் யார் பொறுப்பு? அளப்பவர் யார், அவருக்குச் சம்பளம் யார் தருகிறார்? பணம் முதலிலா, ஐந்தாம் வருஷத்திலா? ஒரு டன்னுக்கு விவசாயிக்கு எவ்வளவு, இடையில் நிற்பவருக்கு எவ்வளவு? இவற்றை எழுத்தில் தமிழிலோ தெலுங்கிலோ தராதவரிடம் பேச்சே வேண்டாம்.

மணிலாக் கொல்லையின் அடியில்

மரத்தைவிடப் பேசப்படாத சேமிப்பு மண்ணுக்குள் இருக்கிறது.

ராயலசீமாவின் செம்மண்ணில் வேர்க்கடலைதான், நம் வடஆற்காட்டுப் பேச்சில் சொன்னால் மணிலாதான், வானம் பார்த்த பயிர். கொடியைப் பிடுங்கிய பிறகு அடுத்த மழை வரை நிலம் வெறுமையாகக் கிடக்கும். வெயில் நேராக மண்ணைச் சுடும். மண்ணில் இருக்கும் கரிச்சத்து உளுத்து வாயுவாகிப் போய்க்கொண்டே இருக்கும். இந்த மண்ணில் பல இடங்களில் நூற்றுக்கு அரைப் பங்குகூட அது இல்லை.

2016-ல் ஆந்திர அரசின் ரைத்து சாதிகார சம்ஸ்தா என்ற நிறுவனம் இயற்கை விவசாயத் திட்டத்தைத் தொடங்கியது. அதன் ஓர் அங்கம், மழைக்கு முந்திய விதைப்பு. கம்பு, கொள்ளு, அவரை, எள் என்று பலவகை விதைகளைக் களிமண்ணும் சாணமும் பூசி உருட்டி, உலர்ந்த நிலத்திலேயே விதைத்துவிடுகிறார்கள். நவதானியம் என்றே இதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். கோடை மழை இரண்டு தூறல் போட்டாலும் முளைத்து நிலத்தை மூடிக்கொள்ளும். பச்சை இலை காற்றிலிருந்து எடுக்கும் கரியில் ஒரு பகுதியை வேர் வழியாக மண்ணுக்குள் இறக்குகிறது. அங்கே நுண்ணுயிர்கள் அதைத் தின்று, மக்கி, மண்ணோடு ஒட்டிக்கொள்கின்றன. நிலம் எப்போதும் மூடியே இருக்க வேண்டும் என்பதுதான் இதில் சூட்சுமம்.

2024-ல் போர்ச்சுகல் நாட்டின் குல்பென்கியன் பரிசு, பத்து லட்சம் யூரோ, மூவருக்குப் பகிர்ந்து அளிக்கப்பட்டது. ஆந்திராவின் இந்தத் திட்டம் ஒன்று. எகிப்தின் செகெம் அமைப்பு இன்னொன்று. மூன்றாமவர், மண்ணில் கரியைச் சேர்ப்பது பற்றி ஆயுள் முழுவதும் ஆராய்ந்த ரத்தன் லால் என்ற விஞ்ஞானி.

இதிலும் குமாஸ்தா கணக்கு ஒன்று. ஒரு ஏக்கரில் மேல் அரையடி மண்ணின் எடை சுமார் 850 டன். அதில் கரிச்சத்து நூற்றுக்கு 0.1 பங்கு கூடினால் 850 கிலோ கரி. வாயுக் கணக்கில் மூன்று டன். இரண்டாயிரம் ஏக்கரில் இப்படிக் கூட்டினால் நமது ஒரு ரேக் அடைபடும். ஆனால் அந்த 0.1 பங்கு கூடுவதற்கே சில ஆண்டுகள் ஆகும். பழையபடி ஆழ உழுது வெறும் தரையாகப் போட்டால் சேர்ந்தது போய்விடும். இந்த விவசாயத்தில் விளைச்சல் குறையுமா கூடுமா என்று விவசாய நிபுணர்களிடையே தர்க்கம் நடக்கிறது. மண் ஈரம் காக்கிறது என்பதை யாரும் மறுக்கவில்லை. வானம் பார்த்த பூமியில் அதுவே பாதி விளைச்சல்.

உளுக்காத கரி வேண்டுமென்றால் அதற்கும் வழி உண்டு. நம்மவர்களுக்கு அது புதிதே அல்ல. ராமநாதபுரம் சீமையில் சீமைக்கருவேல மரத்தை அடுக்கி, மண் பூசி, காற்றுப் புகாமல் கரிமூட்டம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கரியை அடுப்பில் எரிக்காமல், தூளாக்கி எருவோடு கலந்து வயலில் போட்டால் அது நூற்றாண்டுக் கணக்கில் மண்ணிலேயே கிடக்கும். பயோசார் என்று பெயர் சூட்டி இப்போது வெளிநாட்டில் விலை வைத்து விற்கிறார்கள். மணிலாத் தோல், மாங்கொட்டை, தோப்பில் கவாத்து வெட்டிய கிளை எல்லாம் இதற்கு ஆகும். ஆனால் மூட்டத்தைச் சரியாகப் போடாவிட்டால் புகையாகவே கெடுதல் வாயுக்கள் போய்விடும். நல்ல மரத்தை வெட்டி இதைச் செய்வதும் வீண்வேலை.

சேஷாசலத்துக் காவல்

கடைசியாகக் காடு. திருமலைக்குப் பின்னால் கடப்பை வரை நீளும் சேஷாசல மலைக்காடு, 2010-ல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 4,755 சதுர கிலோமீட்டர். இதில் வளரும் செம்மரம், கிழக்கு மலைத்தொடரின் இந்தத் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. தண்ணீரில் போட்டால் மூழ்கும் மரம் அது. அவ்வளவு கனம், அதாவது அவ்வளவு கரி. வைரம் பாய இருபத்தைந்து முப்பது ஆண்டுக்கு மேலாகும். நிதானமாகச் சேர்த்து நெடுங்காலம் வைத்திருக்கும் மரம்.

2030-க்குள் 250 முதல் 300 கோடி டன் வரை கரியமில வாயுவைக் கூடுதலாகக் காட்டிலும் மரத்திலும் சேர்ப்பதாக இந்தியா 2015-ல் உலகத்துக்கு வாக்குக் கொடுத்தது. புதிதாக நடுவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். இருக்கிற காட்டைப் போகாமல் காப்பது அதைவிட மலிவான வேலை. நட்ட கன்று இருபது ஆண்டில் சேர்ப்பதை நின்ற காடு ஏற்கெனவே சேர்த்து வைத்திருக்கிறது.

அதற்கு இரண்டு எதிரிகள். ஒன்று தீ. இது இலையுதிர் காடு. மாசியிலேயே இலை உதிர்ந்து, ஆளுயரப் புல் காய்ந்து சருகாக நிற்கும். பெரும்பாலான தீ மனிதர் கையால் வைத்ததுதான். 2014 மார்ச்சில் திருமலைக் காட்டில் பற்றிய தீயை அணைக்க விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்து, மேலிருந்து தண்ணீர் கொட்ட வேண்டியதாயிற்று. பல வருஷச் சேமிப்பு சில நாட்களில் காற்றில் போயிற்று.

இன்னொன்று கோடரி. இதைப் பற்றி நமது பத்திரிகையில் எழுதும்போது கை தயங்குகிறது. கோடரி பிடித்தவர்களில் பெரும்பாலோர் நம்மவர்களே. 2015 ஏப்ரல் 7-ந் தேதி இந்தக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லப்பட்ட 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அத்தனை பேரும் தமிழர்கள். திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் பக்கத்துக் கூலிக்காரர்கள். அதன் பிறகு வெகுநாள் வரை, வேலைக்கோ சுவாமி தரிசனத்துக்கோ வந்த தமிழ்க் கூலியாட்கள்கூடத் திருப்பதி பஸ் நிலையத்தில் இறங்கப் பயந்தார்கள். சட்டப்படி அங்கே நடந்தது என்ன என்பதற்குள் இக்கட்டுரை போகவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். புரோக்கர் நீட்டிய முன்பணத்துக்கு மலை ஏறியவர்கள் அவர்கள். மரத்தின் விலையில் அவர்கள் கைக்கு வந்தது அற்பம். துப்பாக்கியை நம்பி மட்டும் ஒரு காட்டை நூறு ஆண்டு காக்க முடியாது. கரியைச் சேமிப்பது என்றால் நூறு ஆண்டுக் காரியம்.

காட்டைக் காப்பதைக் கூலி வேலையாக்கும் முயற்சி ஆந்திராவில் புதிதல்ல. காட்டோரக் கிராமங்களைச் சேர்த்து வன சம்ரக்ஷண சமிதிகள் அமைக்க 1992-லேயே உத்தரவு வந்தது. காடு தரும் பலனில் கிராமத்துக்குப் பங்கு என்பது ஏற்பாடு. பணம் வந்த ஆண்டுகளில் நன்றாக நடந்தது, பணம் நின்றதும் பல இடங்களில் பலகை மட்டும் நின்றது. தீக் காவலுக்கு இன்றும் கோடையில் தற்காலிக ஆட்களை எடுக்கிறார்கள். மலைச்சரிவில் சருகை வழித்துத் தீத்தடுப்புக் கோடு போடுவது, புகை தெரிந்தால் ஓடிப் போய்ப் பச்சைத் தழையால் அடித்து அணைப்பது, கன்றுகளுக்கு மாடு வராமல் பார்ப்பது, இவையெல்லாம் காட்டை அறிந்தவர் செய்யும் வேலை. மழை பெய்ததும் அந்த வேலை முடிந்துவிடுகிறது.

உலகக் கம்பெனிகள் ஒரு டன் வாயுவைப் பிடிக்க ஐஸ்லாந்தில் பல நூறு டாலர் செலவு செய்கின்றன. அந்தத் தொகை இருந்தால் காட்டோரத்தில் ஒரு தீக்காவலருக்குச் சில மாதச் சம்பளம் கொடுத்துவிடலாம். அவர் காக்கும் மரங்கள் வைத்திருப்பதோ ஒரு டன் அல்ல. சேஷாசலத்துக்கு மட்டும் இது பொருந்தும் என்பதில்லை. ஜவ்வாது மலையிலும் கல்வராயன் மலையிலும் மொட்டையாகிப் போன சரிவுகள் இருக்கின்றன. ஒரு காலத்தில் சந்தன மரம் நின்ற இடங்கள். அங்கே நடவும், நட்டதைத் தீயிலிருந்து காக்கவும், ஆண்டு முழுவதும் மாதச் சம்பளத்தில் ஆள் எடுத்தால், அந்த மலைகளின் அடிவாரத்தில் முன்பணத்துடன் வந்து நிற்கும் புரோக்கர் வண்டிகளில் ஏற ஆள் குறையும்.